இரவிகுளம் தேசியப் பூங்கா: வரையாடுகளின் மலையில்

மூணாறுக்கு அருகே 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இரவிகுளத்தில், பயணிகளுக்குத் திறந்திருப்பது இராஜமலை என்னும் சிறு பகுதி மட்டுமே. சொந்த வாகனங்களை நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டு, பூங்காவின் பேருந்தில்தான் மேலே செல்ல வேண்டும். அதன் பின் நடைபாதை. காட்டின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாது என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்; எனக்கு அதுவே இந்தப் பூங்காவின் முதல் தகுதியாகத் தோன்றியது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிரினம். பிற இடங்களில் தொலைநோக்கியில் தேட வேண்டிய அந்த ஆட்டை, இங்கே பாதையோரத்துப் புல்வெளியில் நிதானமாக மேயக் காணலாம். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் வெளிர்த் திட்டையும், செங்குத்தான பாறையில் குளம்பு வழுக்காமல் ஏறும் லாவகத்தையும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அது பழகிவிட்டதைச் சாக்காக வைத்து, கைப்பேசியுடன் முகத்தருகே நெருங்குவோர்தாம் எரிச்சலூட்டுகின்றனர்.

மலைமடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் மாறிமாறி வருவதையும், 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியையும் காண, மூடுபனி இறங்குமுன் காலையிலேயே செல்வது நல்லது. வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா வழக்கமாக மூடப்படும். ஆகவே தேதியை உறுதிசெய்த பின்னரே பயணத்தைத் திட்டமிடுங்கள்.