ராட்டினத்தைத் தாண்டி நடந்தால்: ஒஹாயோ கவுண்டி கண்காட்சியின் கால்நடைக் கொட்டகைகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நம் மாவட்டங்களைப் போன்ற 88 கவுண்டிகள் உள்ளன. ஜூன் மாதம் தொடங்கி அக்டோபர் வரை அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தத்தம் வேளாண் கண்காட்சிகளை ஏறக்குறைய ஒரு வாரம் நடத்துகின்றன. நாங்கள் குடியிருக்கும் கவுண்டியின் கண்காட்சி ஆகஸ்ட் மாதத்தில் வருகிறது. நம்மவர்களில் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் போய், பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றி, எண்ணெயில் பொரித்த பண்டம் எதையாவது வாங்கித் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீண் என்றே சொல்வேன். கண்காட்சி எதற்காக நடத்தப்படுகிறதோ அது மைதானத்தின் பின்புறம், தகரக் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகைகளில், காலையிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த மதிப்புரை அந்தக் கொட்டகைகளையும், அங்கே வாரம் முழுவதும் தங்கித் தங்கள் கால்நடைகளைக் காட்டும் குடும்பங்களையும் பற்றியது.

இந்த வழக்கத்தின் தொடக்கத்தை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு ஊரோடு சேர்த்துச் சொல்வார்கள். எல்கானா வாட்சன் என்பவர் 1807இல் தாம் வாங்கிய இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர்ப் பொதுத்திடலில் நிறுத்திக் காட்டினார். பார்க்க வந்தவர்களின் ஆர்வத்தைக் கண்டு, சில ஆண்டுகளிலேயே பரிசுகளோடு கூடிய கால்நடைக் காட்சியைத் தொடங்கினார். நல்ல விலங்கு ஒன்றை ஊரார் நடுவே நிறுத்தி, அது எதனால் நல்லது என்று பேசிக்கொள்ளும் அந்த ஏற்பாடுதான் இன்றும் மாறாமல் இருக்கிறது. பிள்ளைகளின் பங்குக்கோ ஒஹாயோவிலேயே வேர் உண்டு. கிளார்க் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம் 1902இல் சிறுவர் சிறுமியருக்காகத் தொடங்கிய வேளாண் கழகம், பின்னாளில் ஃபோர்-எச் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. கொட்டகைகளில் பச்சை நான்கிலைச் சின்னத்தை அணிந்திருப்பவர்கள் அந்தக் கழகத்துப் பிள்ளைகள். நீல நிறக் கார்டுராய் மேற்சட்டை போட்டிருப்பவர்கள் 1928இல் தொடங்கப்பட்ட எஃப்எஃப்ஏ என்ற வேளாண் கல்வி மாணவர் அமைப்பின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். இந்த இரண்டு அடையாளங்களையும் தெரிந்து வைத்திருந்தால் யாரிடம் என்ன கேட்கலாம் என்பது எளிதில் புரியும்.

நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது ஒரு பால்பண்ணைக் குடும்பத்தோடு. மூத்த பெண் ஜெர்சிக் கிடேரி ஒன்றையும், தம்பி ஒரு ஹாம்ப்ஷயர் பன்றியையும், கடைக்குட்டி இரண்டு முயல்களையும் கொண்டுவந்திருந்தார்கள். தாத்தாவும் பாட்டியும் கிடேரியின் கட்டுத்தறிக்கு எதிரே மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அப்பா வீட்டுப் பண்ணையில் இருந்த மற்ற மாடுகளைக் கறந்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்தார். பண்ணை வேலை ஒரு வேளையும் நிற்காது என்பதால் வாரம் முழுவதும் யாராவது ஒருவர் இப்படி வீட்டுக்கும் மைதானத்துக்குமாக அலைந்துகொண்டே இருக்க வேண்டும். இரவில் குடும்பத்தில் சிலர் மைதானத்து ஓரத்தில் நிறுத்திய முகாம் வண்டியில் தூங்குகிறார்கள். விடிவதற்கு முன் சாணம் அள்ளி, ஈர வைக்கோலை மாற்றி, மாட்டைக் குளிப்பாட்டி, தீவனமும் தண்ணீரும் காட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் காலை உணவுக்குப் போகிறார்கள். இந்த வேலைகளைப் பெரியவர்கள் செய்து கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள், கேட்டால் மட்டும் சொல்கிறார்கள். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவன் தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள விலங்கின் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிருப்பதை நேரில் பார்க்க, நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

போட்டி நடக்கும் நாளில் கட்டாயம் மரத்தூள் பரப்பிய களத்துக்கு முன்பாக உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வகைப் போட்டிகள் உண்டு. ஒன்றில் விலங்கை மதிப்பிடுகிறார்கள். மற்றொன்றில் அதை நடத்திக் காட்டும் பிள்ளையை மதிப்பிடுகிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் பார்த்தால், அழகான மாடு பின்னால் நிற்க, மெலிந்த மாட்டைப் பிடித்திருந்த சிறுமிக்கு ஏன் பரிசு கிடைத்தது என்று குழப்பமாக இருக்கும். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு முறை இருக்கிறது. கறவை இனங்களைக் கொண்டுவருபவர்கள் வெள்ளை உடை அணிந்து, தலைக்கயிற்றைப் பிடித்தபடி, ஒரு கண் மாட்டின் மீதும் மறு கண் நடுவர் மீதுமாக மெல்ல நடக்கிறார்கள். இறைச்சிக்கான மாடுகளைக் காட்டுபவர்கள் நீண்ட கோல் ஒன்றால் மாட்டின் கால்களை நேராக நிறுத்துகிறார்கள். அது மிரளும்போது அதே கோலால் வயிற்றைச் சொறிந்து அமைதிப்படுத்துகிறார்கள். செம்மறிக்குக் கயிறே கிடையாது. தாடையைக் கையால் ஏந்தி, மார்பில் தங்கள் காலைக் கொடுத்து எதிர்த்துத் தள்ள வைத்தால்தான் அதன் தசை இறுகித் தெரியும். பன்றிக்கும் கயிறு இல்லை. சிறு கோலால் தட்டித் தட்டி நடுவரின் பார்வையிலேயே அதை நடத்த வேண்டும். களத்தில் இருக்கும் மற்ற பன்றிகளும் அதே நேரத்தில் தம் விருப்பப்படி திரிவதால், பார்க்கிறவர்களுக்கு மிகவும் விறுவிறுப்பான போட்டி அதுவே.

நடுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்தி முடித்ததும் அவர் ஒலிவாங்கியை எடுத்து, முதலாவது விலங்கை இரண்டாவதற்கு மேல் ஏன் வைத்தார், இரண்டாவதை மூன்றாவதற்கு மேல் ஏன் வைத்தார் என்று எல்லோரும் கேட்கக் காரணம் சொல்கிறார். முதுகின் நேர்கோடு, விலா விரிவு, பின்னங்கால்களின் அமைப்பு, நடையின் சீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்குகிறார். கறவைப் பசுக்களுக்கான மதிப்பெண் அட்டையில் மடிக்கு மட்டும் 100க்கு 40 மதிப்பெண் என்பதால், மடி உடலோடு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பதைப் பற்றியே நிமிடக்கணக்கில் பேச அவரால் முடிகிறது. கடைசியில் நின்ற பிள்ளையிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, அடுத்த ஆண்டு எதைத் திருத்த வேண்டும் என்றும் சொல்கிறார். இவ்வளவு வெளிப்படையாகக் காரணம் கூறும் போட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலான பட்டத்துக்கு ஊதா. ஒவ்வொரு கட்டுத்தறிக்கு மேலேயும் அவற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

அடுத்தது ஏலம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். வசந்த காலத்தில் ஏறக்குறைய 50 பவுண்டு எடையில் வாங்கிய பன்றிக்குட்டி, நாளொன்றுக்கு இரண்டு பவுண்டு வீதம் வளர்ந்து, கண்காட்சி நேரத்தில் 270 பவுண்டு அளவில் நிற்கிறது. அது இறைச்சிக்காக வளர்க்கப்பட்டது என்பதும், ஏலம் முடிந்தபின் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் என்பதும் அதை வளர்த்த சிறுவனுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். ஊர் வங்கி, தீவனக் கடை, டிராக்டர் விற்பனையாளர், கால்நடை மருத்துவர் போன்றோர் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஏலம் எடுக்கிறார்கள். பல இடங்களில் அந்தக் கூடுதல் தொகையை மட்டும் அன்பளிப்பாகத் தரும் முறையும் உண்டு. பணம் பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்கும் அடுத்த ஆண்டுக் குட்டிக்கும் போகிறது. ஏலம் எடுத்தவருக்குப் பிள்ளை தன் கையால் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். களத்திலிருந்து திரும்பும்போது கண் கலங்கும் பிள்ளைகளை நீங்கள் பார்ப்பீர்கள். அதை மறைக்கவோ அவசரமாகத் தேற்றவோ யாரும் முயல்வதில்லை. சைவ உணவுக் குடும்பங்களுக்கு இது கடினமான காட்சியாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால், தட்டில் இருக்கும் உணவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறுவர்களிடம் இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஊரை நான் மதிக்கிறேன். வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஏல நாளைத் தவிர்த்துவிட்டு, கறவை மாடுகளும் முயல்களும் கோழிகளும் காட்டப்படும் நாளில் போகலாம்.

இந்த நேர்மை மருந்து விஷயத்திலும் தொடர்கிறது. இறைச்சிக்கான விலங்குகளைக் கொண்டுவரும் ஒஹாயோ பிள்ளைகள் விலங்கைப் பாதுகாப்பான உணவாக வளர்ப்பதற்கான தரப் பயிற்சியை ஆண்டுதோறும் பெற வேண்டும். விலங்குக்குக் கொடுத்த மருந்துகளை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மருந்தின் எச்சம் நீங்குவதற்கான நாட்களைக் கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. நாங்கள் போன கண்காட்சியில், கட்டுத்தறிக்கு மேலிருந்த அட்டைகள் பிள்ளையின் பெயரையும் கழகத்தையும் மட்டுமே சொல்லின; விலங்கின் இனம், வயது, எடை, எதற்காக வளர்க்கப்படுகிறது என்பவற்றை எழுதியிருந்தால் புதிதாக வருபவர்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும். ஒலிபெருக்கி அறிவிப்புகள் மின்விசிறிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. சரளைக் கற்கள் பரப்பிய பாதையில் குழந்தை வண்டியைத் தள்ளுவது பெரும்பாடு. சக்கர நாற்காலியில் வருபவர்களின் நிலை இன்னும் மோசம். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, பொதுவாகவே இத்தகைய போட்டிகளில் பணத்தின் பங்கு கூடிவருவது. வசதியுள்ள சில குடும்பங்கள் போட்டிக்கென்றே இனப்பெருக்கம் செய்பவர்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துக் கன்றுகளை வாங்குகின்றன. தன் வீட்டுத் தொழுவத்தில் பிறந்த கன்றைக் கொண்டுவரும் பிள்ளை அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதே கவுண்டியில் பிறந்து வளர்ந்த விலங்குகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் கண்காட்சிகள் இருக்கின்றன. எல்லா இடங்களிலும் அந்தப் பிரிவு வர வேண்டும், அதற்கான பரிசும் பெரிதாக இருக்க வேண்டும்.

சுகாதாரத்தில் நாமும் கவனமாக இருக்க வேண்டும். 2012இல் பன்றிகளிடமிருந்து பரவிய ஒருவகைக் காய்ச்சல் அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் மிகப் பலர் இத்தகைய கண்காட்சிகளில் பன்றிகளின் அருகில் இருந்தவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள். கொட்டகைக்குள் எதையும் தின்னக் கூடாது, குழந்தையின் பால்புட்டியைக்கூட உள்ளே எடுத்துச் செல்லக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநீக்கித் திரவம் மட்டும் போதாது. கர்ப்பிணிகளும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், முதியவர்களும் பன்றிக் கொட்டகையைத் தவிர்ப்பது நல்லது. பறவைக் காய்ச்சல் பரவிய 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் பல மாநிலங்கள் கோழிக் காட்சியையே நிறுத்திவைத்தன. ஆகவே கோழிகளுக்காகவே போகிறவர்கள் முன்னதாக விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுட்ட மக்காச்சோளம், எலுமிச்சைச் சாறு, பால்பண்ணையாளர்கள் விற்கும் மில்க் ஷேக் மூன்றும் நன்றாக இருந்தன. மற்றவை எண்ணெயும் சர்க்கரையும்தான்.

போவதற்கு ஏற்ற நேரம், கண்காட்சி தொடங்கிய இரண்டாவது அல்லது மூன்றாவது நாளின் காலைப் பொழுது. எந்த விலங்குக்கு எந்த நாள் என்ற அட்டவணை முன்பே வெளியாகிவிடும். மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். விலங்கைத் தொடுவதற்கு முன் அதை வளர்க்கும் பிள்ளையிடம் அனுமதி கேளுங்கள். போட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். மற்ற நேரங்களில் கேள்வி கேட்டால் அவர்கள் மகிழ்ந்து பேசுகிறார்கள்.

ஃபோர்-எச்சில் சேரப் பண்ணை வைத்திருக்க வேண்டியதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் 88 கவுண்டிகளிலும் இருக்கிறது. எட்டு வயது நிறைந்து மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அங்கே பெயர் கொடுக்கலாம், அதைவிடச் சிறியவர்களுக்குப் போட்டி இல்லாத தனிப் பிரிவு உண்டு. வீட்டுப் பின்புறத்தில் முயல் வளர்க்கலாம். அதற்கும் இடமில்லையென்றால் தையலோ சமையலோ புகைப்படமோ செய்து காட்டலாம். சேர்க்கை பெரும்பாலும் வசந்தத் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், ஆகஸ்ட்டில் கொட்டகையைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைக்காக அந்தக் குளிர்காலத்திலேயே விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.