மெட்ஃபார்மினும் என் வயிறும்: சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் அனுபவப் பகிர்வு

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "இந்த வயிறு எப்போதுதான் அடங்கும்?" என்று அண்மையில் கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன். மருந்து சர்க்கரையை எப்படிக் குறைக்கிறது என்பது, அதை எடுத்துக்கொள்ளும் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பு என்ன பாடுபடும், அதில் எது தானாக அடங்கும், எதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்பதைத்தான் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்வதில்லை. சில ஆண்டுகளாக இந்த மாத்திரையை விடாமல் எடுத்துவருபவன் என்ற முறையில் எனக்கு இதன்மேல் மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு.

வாயில் வரும் உலோகச் சுவையை முதலில் சொல்லிவிடலாம், ஏனெனில் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்பை நக்கியது போன்ற அந்தச் சுவை தண்ணீரைக்கூடக் கெடுத்தது. சில வாரங்களில் தானாகவே போனது. மாத்திரை அட்டையைப் பிரித்ததும் அடிக்கும் மீன் கவிச்சி போன்ற வாடை எல்லா நிறுவனத் தயாரிப்புகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குமட்டல் ஏற்கெனவே இருக்கும்போது அந்த வாடை அதைக் கூட்டிவிடும் என்பதால், மாத்திரையை முன்னதாகவே பிரித்து வைத்துக்கொள்ளாமல், விழுங்கும் நேரத்தில் பிரித்து உடனே தண்ணீரோடு விழுங்கிவிடுவது நல்லது.

உண்மையான தொல்லை வயிறுதான். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே அடிவயிற்றில் ஒரு புரட்டல் எழும். காற்று இடம் மாறும் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு இருக்கும். அதன்பின் வருவது வலிகூட அல்ல, அவசரம். வழக்கமான வயிற்றுப்போக்கில் முதல் அறிகுறிக்கும் கழிப்பறைக்குப் போயே தீர வேண்டிய கணத்துக்கும் இடையில் சற்று அவகாசம் கிடைக்கும். இதில் அந்த அவகாசம் ஏறக்குறைய இல்லை. காலை மாத்திரைக்குப் பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பவே தயக்கமாக இருந்தது. எங்கே போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்வதும், கூட்டங்களில் கதவோரம் உட்காருவதும், நீண்ட பயணம் என்றால் மருந்தைவிடச் சாப்பாட்டையே தள்ளிப்போடுவதும் பழக்கமாகிவிட்டன. ஒரு வேளை சரியாக இருந்து அடுத்த வேளை சரியில்லாமல் போவதால், எந்த உணவு ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. தன் வயிற்றையே நம்ப முடியாத இந்த நிலை வலியைவிடக் கொடுமையானது என்று, அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால் பலர் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சர்க்கரை ஏன் ஏறியது என்று யாருக்கும் விளங்குவதில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்று தெரிந்துகொண்டபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. விழுங்கும் மெட்ஃபார்மினில் பாதிக்குச் சற்று மேல்தான் இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அது குடல் சுவரில் குவிகிறது. கொழுப்பைச் செரிக்க ஈரல் அனுப்பும் பித்த உப்புகள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட வேண்டியவை. மெட்ஃபார்மின் அந்த உறிஞ்சலைக் குறைத்துவிடுவதால் அவை பெருங்குடலுக்குள் இறங்கி, அங்கே நீரைச் சேர்த்து மலத்தை இளக்குகின்றன. குடலின் அசைவை முடுக்கும் செரட்டோனினும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவை மாறுவதும் இதில் பங்கு வகிக்கின்றன. குடல் இந்த மருந்துக்குப் பழகக் காலம் வேண்டும். பழகுவதற்கு முன் ஒரே நேரத்தில் அதிகம் வந்து இறங்கினால் அது தாங்காது. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு என் நிலைமை மேலும் மோசமானதற்கும் பித்த உப்புகளே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தணிந்த கோபம் வேறொரு பக்கம் திரும்பியது. இந்த மருந்தைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திய அனுபவத்தை ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்டது 1957-ஆம் ஆண்டில். அமெரிக்கா ஒப்புதல் அளித்ததே 1994-இல்தான் என்றாலும், அதற்கு முன்பே ஐரோப்பாவில் பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்த மருந்து இது. தொடங்குபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வயிற்றுத் தொல்லை வரும் என்பதும், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் தாங்க முடியாமல் மருந்தையே கைவிடுவார்கள் என்பதும் இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இரவு உணவோடு 500 மில்லிகிராம் என்று தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்து வாரத்துக்கு 500 மில்லிகிராம் என்ற அளவில் மெல்ல ஏற்ற வேண்டும் என்பதுதான் பொதுவான முறை. எனக்கோ முதல் நாளிலிருந்தே காலையும் இரவும் 1000 மில்லிகிராம் எழுதிக் கொடுக்கப்பட்டது. "சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள்" என்பதைத் தவிர வேறு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. ஒரு நிமிடம் செலவழித்து, வயிறு இப்படிக் கலங்கும், பயப்பட வேண்டாம், தாங்கவில்லை என்றால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தால், அந்த வாரங்களை நான் இத்தனை அச்சத்தோடு கடந்திருக்க மாட்டேன். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடக்கூடிய இரண்டு வரிகளுக்கு நேரமில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

வேறொரு மருத்துவர் அளவைக் குறைத்து மறுபடி அடியிலிருந்து தொடங்கிய பிறகுதான் நிலைமை சீரானது. அவர் சொன்ன ஒரு நுணுக்கம் மிகவும் உதவியது: மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு என்று தள்ளிவைக்காமல், பாதிச் சாப்பாட்டில் விழுங்கிவிட்டு மீதியைச் சாப்பிடுவது. முன்னும் பின்னும் உணவு இருக்கும்போது குமட்டல் வெகுவாகக் குறைந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம், மருந்தை மெதுவாக வெளிவிடும் வகைக்கு மாறியது. அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். இந்த மாத்திரை வயிற்றிலுள்ள நீரில் ஊறிக் கூழ்போல் உப்பி, அந்தக் கூழின் வழியே மருந்தைப் பல மணி நேரம் கசியவிடுகிறது. குடலுக்கு ஒரே அடியாகச் சுமை ஏறுவதில்லை. எனக்கு அந்த அவசரம் இதில்தான் நின்றது. இரண்டு செய்திகளை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று இதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. செய்தால் மெதுவாக வெளிவரும் அமைப்பே கெட்டுவிடும். இரண்டாவது, சில நாட்களில் மலத்தில் வெளிறிய, மென்மையான, மாத்திரையின் வடிவம் மாறாத ஒரு சக்கை தென்படும். மருந்து கரையாமலே வெளியேறிவிட்டதோ என்ற திகைப்பு எனக்கு வந்தது. அது மருந்து போன பிறகு மிஞ்சும் வெறும் கூடு. உள்ளே இருந்தது ஏற்கெனவே உடம்பில் சேர்ந்துவிட்டது.

மாத்திரையின்மேல் விழும் பழிகள் எல்லாம் அதனுடையவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடங்கிய சில நாட்களில் கண் மங்கியது. சர்க்கரை நெடுநாள் ஏறியிருந்து பின் இறங்கும்போது கண் வில்லையின் நீர்ச்சத்து மாறுவதால் பார்வை தற்காலிகமாகக் குலைகிறது. அது நிலைபெறச் சில வாரங்கள் ஆகும் என்பதால் உடனே ஓடிப்போய்க் கண்ணாடியை மாற்றாமல் இருப்பது நல்லது. அதேபோல, நடுக்கமும் பசியும் படபடப்பும் வந்து, சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்ற எண்ணத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 110 என்றோ 120 என்றோ காட்டும். உயர்ந்த அளவுக்குப் பழகிய உடம்பு, இயல்பான அளவையே தாழ்வாக உணர்கிறது. இதுவும் போகப்போகச் சரியாகிவிடும். மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ உடன் இருந்தால் கதை வேறு. அப்போது அந்த நடுக்கத்தை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது, அளந்து பார்த்து 70-க்குக் கீழ் இருந்தால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாந்தியோ பேதியோ கடுமையாகி உடம்பில் நீர் வற்றும் நிலை வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையைத் தொடரக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் உடம்பில் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கி, அரிதாக லாக்டிக் அமிலம் இரத்தத்தில் பெருகும் உயிராபத்தான நிலை உண்டாகலாம். சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழ் போனவர்கள் இதை எடுக்கவே கூடாது. காரணமில்லாத கடும் சோர்வு, வேகமான மூச்சு, தசைவலி, உடல் குளிர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வழக்கமான வயிற்றுத் தொல்லை அல்ல, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. நிறமூட்டி மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை இரத்தக்குழாயில் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு முன் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும். மதுவை அளவின்றிக் குடிப்பவர்களுக்கு லாக்டிக் அமிலம் பெருகும் ஆபத்து கூடுதல்.

ஆண்டுகள் கடந்தபின் எனக்கு வந்த சிக்கல் பி12. இந்த வைட்டமின் உறிஞ்சப்படுவதும் சிறுகுடலின் அதே கடைசிப் பகுதியில்தான்; மெட்ஃபார்மின் அதையும் குறைக்கிறது. கால் விரல்கள் மரத்தபோது, சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டும் நேரத்தில் மருத்துவர் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். அது மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டு அளவு ஏறிய பிறகு மரப்பு பெரிதும் குறைந்தது. நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அதிலும் இரத்தச்சோகையோ மரப்போ உள்ளவர்கள், இடையிடையே பி12 பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று பரவலான பரிந்துரை. கேட்டால்தான் இந்தச் சோதனையை எழுதுகிறார்கள்; ஆகவே கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விடவில்லை என்றால், காரணம் வலுவானது. எனக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கிறது, எடை ஏறவில்லை. பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் என்ற பெரிய சர்க்கரை நோய் ஆய்வின் 1998 முடிவுகளில், எடை மிகுந்த நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்டவர்களைவிட மாரடைப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. புதிய மருந்துகளும் தொல்லையில்லாதவை அல்ல: சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளில் அடிக்கடி சிறுநீர் போவதும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும், பசியையும் சர்க்கரையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 ஊசிகளில் குமட்டலும் வாந்தியும் உண்டு. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: குறைந்த அளவில் தொடங்கலாமா, மெதுவாக வெளிவிடும் வகை தருவீர்களா, சிறுநீரகச் சோதனை எப்போது. வயிறு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அளவை ஏற்றும்போது கொஞ்சம் திரும்பி வந்து மறுபடி அடங்கும்.

தராசில் வைத்தால் நன்மைத் தட்டுதான் தாழும், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த முதல் வாரங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வயிற்றை அவ்வளவாகத் தொடாத, கிளிப்டின் என்ற வேறு வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றுக்கு மாற முடியுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப்போகிறேன்; அவர் முடியாது என்று சொல்வார் என்றே நினைக்கிறேன், இருந்தும் கேட்பேன்.