கப்பல் டூருக்கு ஃபிளைட் டிக்கெட்: பிப்ரவரியிலா, செப்டம்பரிலா?

போன டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு குரூஸ் போய்வந்தோம். பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். எங்கள் வீட்டில் நாலு பேர், மச்சான் வீட்டில் நாலு பேர். ஒரே கப்பல், பக்கத்துப் பக்கத்து கேபின். ஃபிளைட் டிக்கெட் மட்டும் ஆளுக்கொரு நேரத்தில் போட்டோம். மச்சான் போட்டது பிப்ரவரியில், ஆஃபர் மெசேஜ் வந்த அன்றைக்கே. நான் போட்டது செப்டம்பரில், கப்பலுக்கு முழுப் பணமும் கட்டிய மறுநாள். எது புத்திசாலித்தனம் என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. நான் என் பக்கம்தான் பேசப் போகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு கப்பல் ஏற சிங்கப்பூர் போவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2022 ஜூனில் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா குரூஸ் கப்பல் கிளம்பியது. அதற்கு ஃபிளைட்டே வேண்டாம், ஆட்டோ போதும். ஆனால் எங்களுக்குத் தோதான நேரம் பிள்ளைகளின் அரையாண்டு லீவு. அப்போது அமைந்தது சிங்கப்பூர் கப்பல்தான்.

விலையை முதலில் முடித்துவிடுவோம். மச்சான் ஜெயித்தான். தலைக்கு 4,000 ரூபாய், நாலு பேருக்கு 16,000 அவனுக்கு மிச்சம். "இன்னா மாமா, அப்பவே சொன்னேன்ல" என்று கப்பலின் பஃபே வரிசையில் நிற்கும்போதுகூடக் காதில் ஓதினான். டிசம்பர் கடைசி வாரத்துக்கு சீக்கிரம் போட்டால் விலை குறைவு என்பதில் எனக்கும் சண்டை இல்லை.

என் கவலை வேறு. போட்ட பணத்தில் எது திரும்பி வரும், எது வராது?

கப்பல் டிக்கெட்டை முழுப் பணம் கட்டி யாரும் முதலிலேயே வாங்குவதில்லை. ஒரு டெபாசிட் கட்டுவோம். கிளம்புவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் ஃபைனல் பேமென்ட் என்று ஒரு தேதி வரும். கம்பெனிக்குக் கம்பெனி, டூருக்கு டூர் அது முன்பின் இருக்கும். அந்தத் தேதி வரைக்கும் மனசு மாறினால் டெபாசிட்டோடு போயிற்று, சில சமயம் அதுவும் திரும்ப வரும். தேதி தாண்டினால் கிளம்பும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறி, கடைசியில் ஒன்றும் தேறாது. ஆக, அந்தத் தேதி வரை கப்பல் என்பது பென்சிலால் எழுதிய கணக்கு. ஆஃபர் ஃபிளைட் டிக்கெட்டோ முதல் நாளே பேனாவால் எழுதியது. பென்சில் கணக்கை நம்பி பேனாவில் கையெழுத்துப் போடுவானேன் என்பதுதான் என் கட்சி.

இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய வருஷம் நானும் மச்சானைப் போலத்தான் மார்ச்சிலேயே நாலு டிக்கெட் போட்டேன், 72,000 ரூபாய். ஆகஸ்டில் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. டூர் வேண்டாம் என்று முடிவு. கப்பல்காரர்கள் டெபாசிட்டை அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொண்டார்கள். ஃபிளைட் பக்கம் திரும்பி வந்தது 19,000. அதுகூட ஏர்போர்ட் கட்டணம், வரி என்று டிக்கெட்டில் தனியாகக் காட்டிய தொகையில் பெரும்பகுதி. அடிப்படைக் கட்டணம் கேன்சலேஷனிலேயே கரைந்துபோனது. மச்சான் மிச்சம் பிடித்த 16,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்ம வீடுகளில் பத்து மாதத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணம் நிச்சயமாகும், யாருக்காவது ஆபரேஷன் வரும். அரையாண்டுத் தேர்வு அட்டவணையே வருஷக் கடைசி நெருங்கும்போதுதான் கைக்கு வரும். 2023-ல் புயல் வந்து அந்தத் தேர்வும் தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும்.

இனி மச்சானின் டிக்கெட் கதை. அவன் போட்டது ராத்திரி 11.50 ஃபிளைட். கப்பல் கிளம்பும் நாள் காலை 6.40-க்கு சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கி, மதியம் கப்பல் ஏறுவதாகத் திட்டம். ஹோட்டல் செலவு மிச்சம் என்று பெருமை வேறு. விமானக் கால அட்டவணை வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு கோடைக்கு, அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்காலத்துக்கு. பிப்ரவரியில் டிசம்பருக்கு டிக்கெட் போட்டால் அந்த இரண்டு மாற்றத்தையும் தாண்டித்தான் அது போய்ச் சேர வேண்டும். தாண்டவில்லை. ராத்திரி ஃபிளைட்டை எடுத்துவிட்டு மறுநாள் காலை 10.15 ஃபிளைட்டில் போட்டுவிட்டார்கள். 10.15-க்குக் கிளம்பி 4 மணி 20 நிமிஷம் பறந்தால் நம்ம கடிகாரத்தில் 2.35. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மணி 5.05. கப்பல் கிளம்புவது 5 மணிக்கு. செக்-இன் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பே மூடிவிடும். எந்தக் கப்பலும் நமக்காக நிற்காது.

அந்த மெயில் வந்து கிடந்தது ப்ரமோஷன்ஸ் பகுதியில், பிரியாணி கூப்பனுக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவில். அவன் பார்த்தது நவம்பர் கடைசியில். டிக்கெட் போட்டது ஒரு வெப்சைட் மூலமாக. ஏர்லைனைக் கேட்டால் ஏஜென்ட்டிடம் கேளுங்கள் என்றார்கள், ஏஜென்ட்டைக் கேட்டால் ஏர்லைன்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்று நாள் போனும் கையுமாக இருந்து, முந்தைய நாள் காலை ஃபிளைட்டுக்குக் காசில்லாமல் மாற்றி வாங்கினான். அது அவன் உரிமை, நேரத்தை அந்த அளவுக்கு மாற்றியது அவர்கள்தானே. ஆனால் ஹோட்டலுக்கு யாரும் காசு தரவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் சிங்கப்பூரில் கடைசி நேரத்து அறை வாடகை, நான் செப்டம்பரில் எடுத்ததைவிட நல்ல உயரத்தில் இருந்தது.

நான் செப்டம்பரில் பார்த்தபோது திரையில் இருந்தது பெரும்பாலும் குளிர்கால நேரங்கள்தான். அதற்குப் பிறகும் மாற்ற மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. எனக்குக் கால் மணி நேரம்தான் மாறியது.

முந்தைய நாளே போய் இறங்குவதில் மட்டும் பேரம் கிடையாது. எப்போது டிக்கெட் போட்டாலும் இதை விடாதீர்கள். டிசம்பர் நம்ம ஊருக்குப் புயல் மாதம். 2023 டிசம்பர் 4 மிக்ஜாமில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மீனம்பாக்கத்தை மூடினார்கள், திறந்தது மறுநாள் காலை 9 மணிக்கு. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்த அதே புயல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சலுக்கும் மூடி, மறுநாள் விடிகாலைதான் திறந்தார்கள். மிக்ஜாம் மாதிரி வந்தால் ஒரு நாள் முன்னால் என்பதுகூடப் போதாமல் போகலாம். அதற்காக இன்ஷூரன்ஸ் எடுத்தேன். புயலுக்குப் பேர் வைத்த பிறகு எடுக்கும் பாலிசியில் அந்தப் புயலுக்குப் பணம் எதிர்பார்க்கக் கூடாது என்று சொன்னதால், கப்பலுக்கு முழுப் பணம் கட்டிய கையோடு எடுத்துவிட்டேன். க்ளெய்ம் செய்து பார்த்த அனுபவம் இல்லை.

முந்தைய நாள் பகல் ஃபிளைட்டில் இன்னொரு சௌகரியமும் உண்டு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் நேரே ஏர்போர்ட். விடிகாலை ஃபிளைட் என்றால் மெட்ரோ இருக்காது, மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு கால்டாக்சிக்குக் காத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது விசா. சிங்கப்பூர் விசாவுக்குப் பயணம் நெருங்கும்போதுதான் விண்ணப்பிப்போம். கப்பல் வெளியே போய்த் திரும்ப சிங்கப்பூருக்குள் வருவதால் மல்டிபிள் என்ட்ரி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அது மறுக்கப்பட்டால் பிப்ரவரி டிக்கெட்டும் செப்டம்பர் டிக்கெட்டும் ஒரே குப்பைத்தொட்டிக்குத்தான். இரண்டாவது, நாலு சீட். குறைந்த கட்டணத்தில் இரண்டு சீட்தான் மீதி என்றால், நாலு பேருக்குத் தேடும்போது நாலுக்குமே மேல் கட்டணத்தைக் காட்டும். நான் இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டேன், கொஞ்சம் குறைந்தது. ஆனால் பிஎன்ஆர் என்கிற புக்கிங் எண் இரண்டாகிவிடும், ஃபிளைட் மாறினால் குடும்பமும் பிரியலாம்.

பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்தான் ஃபிளைட்டிலும் கப்பலிலும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இனிஷியலை விரித்த பெயர், விரிக்காத பெயர் என்று நம்ம வீட்டில் நாலு பேருக்கு நாலு விதம்.

கடைசி இரண்டு வாரத்தில் போடுவது தனி ஆளுக்கு சரிப்படலாம். சென்னை–சிங்கப்பூருக்கு தினமும் பல ஃபிளைட் இருக்கிறது. பிள்ளைகுட்டியோடு, அதுவும் டிசம்பரில், நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஃபிளைட்டையும் சேர்த்து பேக்கேஜாக வாங்குவது தலைவலி குறைவு, காசு கூட. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்று டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஐரோப்பா, அலாஸ்கா கப்பல்களுக்கு நான் போனதில்லை. இடையில் ஃபிளைட் மாறிப் போகும் தூரத்துக்கு என் செப்டம்பர் கணக்கு பொருந்துமா என்பதை, போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் ஃபிளைட்டில் இரண்டு வீட்டுக்கும் சண்டை இல்லை. கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேர்ந்தது, நாங்கள் பெட்டியோடு வெளியே வர ஒன்பதரை ஆனது. ராத்திரி ஃபிளைட் என்பதால் யாரும் ஓடவில்லை.

போன வாரம் மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்: "மாமா, ஆஃபர் வந்துகீது, உனக்கும் சேத்து போட்டுடவா?" எந்தக் கப்பல் என்றே இன்னும் முடிவாகவில்லை.