சுப்ரியோ தத்தா சாரோட நானோ எலக்ட்ரானிக்ஸ் கோர்ஸ், ரெண்டு பார்ட்டும் பாத்து முடிச்சாச்சு

அமெரிக்காவுல இருக்கிற பர்டியூ யுனிவர்சிட்டியோட நானோஹப் வெப்சைட்ல இருக்கு, வீடியோ எல்லாம் காசு குடுக்காமலே பாக்கலாம். ஈசிஇ, பிசிக்ஸ் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது பாருங்க, மனசார சொல்றேன்.

பாடம் எடுக்கிறது யாருன்னு தெரிஞ்சா இன்னும் பிடிக்கும். அஸ்ஸாம் திப்ருகர்ல பொறந்தவர், 1975ல ஐஐடி கரக்பூர்ல பி.டெக், 1979ல இல்லினாய்ஸ்ல பிஎச்.டி, 1981ல இருந்து பர்டியூதான். 1990ல பிஸ்வஜித் தாஸ் கூட சேர்ந்து அவர் போட்ட பேப்பர்லதான் ஸ்பின் டிரான்சிஸ்டர் ஐடியாவே வந்துச்சு. ஸ்பின்னா, எலக்ட்ரான் ஒரு குட்டி காந்தம் மாதிரி, அது எந்தப் பக்கம் பாக்குதுங்கிறது. டிரான்சிஸ்டர் இப்படி: ரெண்டு பக்கமும் காந்தம், நடுவுல எலக்ட்ரான் ஓடுற சேனல், அத கட்டுப்படுத்துற முனையான கேட்ல வோல்டேஜ் மாத்தினா போற வழியிலயே ஸ்பின் திரும்பிடும், அந்தப் பக்கத்து காந்தத்தோட ஒத்துப்போனா கரன்ட் நல்லா வரும், எதிரா இருந்தா குறையும். அந்த ஸ்பின் திரும்புறத 2009லதான் தென் கொரியா குழு ஒண்ணு செஞ்சு காமிச்சாங்க, கிட்டத்தட்ட இருபது வருஷம்!

ஆனா கோர்ஸ்ல எடுத்ததும் ஸ்பின் வராது. சின்ன கம்பியோட நீளத்த இன்னும் குறைச்சுட்டே போனா ரெசிஸ்டன்ஸ் ஜீரோ ஆயிடுமான்னு கேக்குறாரு. ஆகாது, எலக்ட்ரான் போக ஒரே ஒரு வழிதான் இருக்குன்னா சுமார் 25.8 கிலோ ஓம் நிக்கும். அப்போ சூடு எங்க வருது? சேனல்ல இல்ல, ரெண்டு கான்டாக்ட்லயும். நாலு வருஷம் ஓம்ஸ் லா போட்டு கணக்கு பண்ணியும் இந்தக் கேள்வி எனக்குத் தோணினதே இல்ல.

பார்ட் பி கடைசியிலதான் ஸ்பின், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். ரெண்டு போலரைஸ்டு கூலிங் கிளாஸ ஒண்ணு மேல ஒண்ணு வச்சு திருப்பிப் பாருங்க, 90 டிகிரியில இருட்டாயிடும், நானும் வீட்ல செஞ்சு பாத்தேன். எலக்ட்ரான் ஸ்பின்னுக்கு அதே மாதிரி தடை வர ஒரு காந்தத்த 180 டிகிரி திருப்பணும், அந்த பாதிக்கோணம் எப்படி வருதுன்னு அவர் மேட்ரிக்ஸ்ல காட்டும்போது வீடியோவ நிறுத்தி நோட்ல நானே போட்டுப் பாத்தேன், கரெக்டா வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல அவ்ளோ சந்தோஷம்.

இத்தனைக்கும் மனுஷன் அங்கேயே நிக்கல. அப்புறம் பி-பிட்னு, 0க்கும் 1க்கும் நடுவுல தானாவே ஆடிட்டே இருக்கிற காந்தத்த வச்சு கணக்குப் போட இறங்கிட்டாரு, 2019ல ஜப்பான் தோஹோகு யுனிவர்சிட்டி குழுவோட சேர்ந்து எட்டு பி-பிட்ட வச்சு 945ஐ காரணிப்படுத்தினாங்க.

பார்ட் பி லேசு இல்ல. மேட்ரிக்ஸ் கணக்குல வர்ற ஐகன் வேல்யூ மறந்துபோயிருந்தா ஒரு வாரம் அத முதல்ல பாத்துட்டு வாங்க, பார்ட் ஏவ தாண்டிக் குதிக்காதீங்க. புரோகிராம் எல்லாம் மேட்லாப்ல இருக்கு, அந்த சாஃப்ட்வேர் இல்லாதவங்க அதே மாதிரி இலவசமா கிடைக்கிற ஆக்டேவ்ல ஓட்டலாம், நான் அதுலதான் ஓட்டினேன்.