டேங்க் சீக்கிரம் ரொம்புதேன்னு சந்தோஷப்பட்டவனோட ஆர்ஓ ரிவ்யூ (கடலூர்)

கடலூர்ல ஆர்ஓ (வீட்டு தண்ணி சுத்தம் பண்ற மிஷின்) மெம்பரேன், அதாவது அதுக்குள்ள உப்ப வடிகட்டற ஷீட், மாத்தணும்னு யாராச்சும் கேட்டா இனிமே நான் திருப்பாப்புலியூர்ல லாரன்ஸ் ரோட்டுக்கு பக்கத்து சந்துல இருக்கற அந்த சின்ன கடைய தான் கைகாட்டுவேன். போர்டு கூட ஒழுங்கா கிடையாது, வாசல்ல பழைய ஆர்ஓ டப்பாவா அடுக்கி வெச்சிருப்பாங்க, அதான் அடையாளம்.

கதை ஃபெங்கல் புயல்ல இருந்து ஆரம்பிக்குது. 2024 நவம்பர் 30 புயல் புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சு, அதுக்கப்புறம் சாத்தனூர் அணை தண்ணிய திறந்து விட்டதும் தென்பெண்ணை பொங்கி எங்க தெருவுல முட்டி அளவு தண்ணி, சம்ப்புக்குள்ள சாக்கடையோட சேர்ந்து எறங்கிடுச்சு. சம்ப்ப கழுவி விட்டப்புறமும் அம்மாவுக்கு மனசு கேக்கல, ரெண்டு மூணு வாரம் விடாம பிளீச்சிங் பவுடர கை கையா அள்ளி போட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல, நல்லது தானேன்னு விட்டுட்டோம்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு அதிசயம். முன்னல்லாம் எங்க ஆர்ஓவோட எட்டு லிட்டர் டேங்க் ரொம்பறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், இப்ப அரை மணிலயே ஃபுல். அட மோட்டார் செட் ஆயிடுச்சு போலன்னு நான் குஷியா இருந்தேன். அப்புறம் பாத்தா காபி ஒரு மாதிரி கரிக்குது, பருப்பு வேக மாட்டேங்குது. வழக்கமா வர்ற சர்வீஸ் ஆள கூப்பிட்டோம் (பேரெல்லாம் வேணாம்), வந்தவர் மூடிய கூட கழட்டல, வெளில இருந்தே பாத்துட்டு "மிஷினே போச்சு சார், புதுசு போட்டுக்கோங்க, பதினாலாயிரத்துல முடிச்சு தரேன்"னாரு. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) எவ்ளோன்னு கேட்டா மீட்டர் வண்டில இருக்குன்னாரு, எடுத்துட்டு வர்றேன்னு போனவர் போனவர் தான்.

இதுக்கு நடுவுல கனடாவுல கியூபெக்ல இருக்கற அக்கா வீட்டு மாமா. அங்க மேப்பிள் மரத்துல குளிர் விடற நேரத்துல பால் எறக்கறாங்க, நாம பதநீர் எறக்கற மாதிரி, ஆனா அதுல சர்க்கரை ரெண்டு பர்சன்ட் தான். ஒரு லிட்டர் சிரப்புக்கு நாப்பது லிட்டர் பால் காய்ச்சணும். அவ்ளோ விறகுக்கு எங்க போறது, அதனால மொதல்ல ஆர்ஓல விட்டு எட்டு பர்சன்ட், அதுக்கு மேலயும் கெட்டியாக்கிட்டு தான் அடுப்புல ஏத்தறாங்க. மாமா அந்த மிஷின வீடியோ எடுத்து அனுப்பினாரு. நமக்கு வேஸ்ட்டா சிங்க்குல போற குழாய்ல தான் அவங்களுக்கு சர்க்கரை வருது, நாம தங்கமா பாத்து குடிக்கற நல்ல தண்ணிய அவங்க பிடிச்சு வெச்சு மெம்பரேன கழுவறாங்க! ஓட்டி முடிச்சதும் கழுவல், அடைச்சுகிட்டா அதுக்குன்னு சோப்பு, சில நேரம் ஆசிட், சீசன் முடிஞ்சா பனியில உறைஞ்சிடாம பத்திரப்படுத்தல்னு அத ஒரு கைக்குழந்தை மாதிரி பாத்துக்கறாங்க. "நீயும் கழுவி பாரேன்டா"ன்னாரு மாமா.

நானும் லெமன் சால்ட் வாங்கி கரைச்சு மெம்பரேன ராத்திரி பூரா ஊற வெச்சேன். காலைல மாட்டினா அதே உப்பு. அம்மா என்ன பாத்த பார்வை இருக்கே.

அப்புறம் தான் இந்த கடை. கடைக்கார அண்ணன் வந்து உக்காந்ததும் மொத வேலையா மீட்டர எடுத்தாரு. டிடிஎஸ் போர் தண்ணில 1380, குடிக்கற தண்ணில 410. உள்ள போற உப்புல பத்துல ஒரு பங்குக்கு மேல தாண்டி வந்தாலே மெம்பரேன் மேல சந்தேகப்படணும், இது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. டேங்க் வேகமா ரொம்புச்சான்னு அவரே கேட்டாரு, எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. உப்பு படிஞ்சு அடைச்சிருந்தா தண்ணி கம்மியா வரும், வேகமாவும் வந்து கரிக்கவும் செஞ்சா மெம்பரேன குளோரின் தின்னுடுச்சுன்னு அர்த்தமாம். குளோரின தடுக்கறது முன்னாடி இருக்கற கார்பன் ஃபில்டர் தான், அத நாங்க ரெண்டு வருஷமா மாத்தல, அம்மா போட்ட பிளீச்சிங் பவுடர்ல இருக்கற குளோரின் நேரா மெம்பரேனுக்கே போயிருக்கு. லெமன் சால்ட் கதைய சொன்னேன், சிரிச்சாரு. "அது உப்பு படிஞ்சதுக்கு வைத்தியம் தம்பி, இது வெந்து போனது, வெந்த தோல கழுவினா ஆறுமா?"

பழைய மெம்பரேன கட்டிங் பிளேயரால இழுத்து, பிளேடால கீறி விரிச்சு காட்டினாரு. கோரைப்பாய் சுருட்டின மாதிரி ஷீட், நடுவுல வலை, மேல லேசா செம்மண் கலர்ல வழவழன்னு. புதுசுக்கு ரப்பர் ரிங்க தண்ணில நனைச்சு திசை பாத்து சொருகினாரு, கார்பன் ஃபில்டர், மண்ணு தூசி பிடிக்கற செடிமென்ட் ஃபில்டர், எஃப்ஆர் (வேஸ்ட் தண்ணி ஓட்டத்த கட்டுப்படுத்தற சின்ன பாகம்) எல்லாம் மாத்தினாரு, மொத ரெண்டு டேங்க் தண்ணிய குடிக்காம கீழ விட சொன்னாரு. அதுக்கப்புறம் மீட்டர் 78. மொத்தம் 2,650 ரூபா. பதினாலாயிரம் எங்க, இது எங்க.

குறை இல்லாம இல்ல. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு அதுக்கும் அடுத்த நாள் சாயங்காலம் தான் வந்தாரு, போன் பத்து மணிக்கு முன்னாடி எடுக்கவே மாட்டாரு, பில் கேட்டா சின்ன துண்டு சீட்டு. வாரண்டின்னு மெம்பரேன் மேலயே மார்க்கர்ல தேதி எழுதிட்டு போனாரு, அது எவ்ளோ நாள் நிக்கும்னு பாக்கணும். அதனால அஞ்சுக்கு நாலு.

கார்பன் ஃபில்டர் தேதிய நான் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன். பிளீச்சிங் பவுடர் டப்பா இப்ப மொட்டை மாடில, அம்மாவுக்கு எட்டாத ஷெல்ஃப்ல.