லோடர் மாட்டிய டிராக்டருக்குப் பின்பாரம்: தண்ணீரா, இரும்பா, காங்கிரீட் பெட்டியா?

பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கம் இருக்கும் எங்கள் மாட்டுப் பண்ணையில் எருக்குழியிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் வழி நல்ல சரிவு. ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும். ஒரு ஐப்பசி மழையில், ஊறிப்போன எருவை, முன்னால் மாட்டிய லோடர் என்ற தூக்குக் கையின் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு இறங்கிய டிராக்டரின் பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் தருமபுரியிலிருந்து வந்து எங்களோடு பல ஆண்டுகளாக இருக்கும் தம்பி. சட்டென்று பக்கெட்டைத் தரையில் இறக்கியதால்தான் பிழைத்தார். "அண்ணா, பிரேக் பிடிக்கவே இல்லை" என்று அவர் சொன்னபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக்கில் பழுது எதுவும் இல்லை. நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருக்கிறது. பின் சக்கரம் தரையில் அழுந்தாவிட்டால் மிதித்தும் பயனில்லை. லோடரைப் பொருத்திக் கொடுத்த பட்டறையில் பின்னால் எடை எதுவும் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பியது என் தவறு. அதன் பிறகு ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம். லோடர் மாட்டப் போகிறவர்கள் பெங்களூரைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். டிராக்டரில் அந்தக் கழுத்தின் இடத்தில் இருப்பது முன் அச்சு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கெட்டில் 500 கிலோ. அது முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அப்போது முன் அச்சில் கூடுவது 500 கிலோ அல்ல, 875 கிலோ. பின் அச்சிலிருந்து 375 கிலோ கழன்றுவிடுகிறது. லோடரின் சொந்த எடையும் இதே திசையில்தான் இழுக்கிறது. மேடுபள்ளத்தில் குலுங்கினாலும், இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் இது இன்னும் கூடும்.

முதலில் செய்தது, பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியது. செலவு மிகக் குறைவு. 13.6-28 அளவு டயர் என்றால் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து 400 கிலோ. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டம் வரை நிரப்ப வேண்டும். முக்கால் பங்கு தண்ணீர், மீதி காற்று. முழுவதும் நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கலப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் உப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. பெங்களூரின் மார்கழிக் குளிரில் தண்ணீர் உறையப் போவதில்லை. ஆனால் அந்த உப்பு கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். வெறும் தண்ணீரே போதும்.

தண்ணீரின் எடை தாழ்வாக இருப்பது பெரிய நன்மை. டயர் வழியாக நேரே தரைக்குப் போவதால் பின் அச்சின் மேலும் அது உட்காருவதில்லை. தொல்லை என்றால் பஞ்சர். தண்ணீரை இறக்கி, ஒட்டி, மறுபடி நிரப்ப அரை நாள் போய்விடும். உழவுக்குப் போகும்போதும் அந்தப் பாரம் கூடவே வரும். ஈர மண்ணை இறுக்கும், டீசலையும் குடிக்கும்.

சக்கரத்தில் மாட்டும் இரும்பு எடையான வீல் வெயிட்டும் பாரக் கணக்கில் தண்ணீரைப் போன்றதுதான். டயர் விறைக்காது, பஞ்சர் வேலை எளிது. விலை அதிகம், கழற்றி மாட்ட இரண்டு ஆட்கள் வேண்டும். பழைய இரும்புக் கடையில் நம் ரிம்முக்குப் பொருந்துவது கிடைத்தால் வாங்கலாம். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரும் இரும்பும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. முன்பு போட்ட கணக்கையே மறுபடி பாருங்கள். டயரில் 400 கிலோ சேர்ந்ததும் பின் சக்கரங்கள் தரையில் இழந்த 375 கிலோ அழுத்தம் திரும்பிவிட்டது. முன் அச்சிலோ அதே 875 கிலோ அப்படியே இருக்கிறது. பின் சக்கரம் எழுவதில்லை என்பதால் ஓட்டுபவர் துணிந்து இன்னும் கொஞ்சம் அள்ளுவார். முன் அச்சின் புஷ்ஷும் ஹப் பேரிங்கும் அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுக்கும். எங்கள் வண்டியில் ஸ்டியரிங் கனத்துப் போனதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

பாரம் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தால் கதை மாறுகிறது. 500 கிலோவைப் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் 750 கிலோ கூடுகிறது. முன் அச்சிலிருந்து 250 கிலோ இறங்குகிறது. நடுவில் ஊன்றிய சீசாப் பலகை போல, பின் அச்சு தாங்குபுள்ளியாகி முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறது.

அப்படியானால் இருக்கும் கலப்பையையே மாட்டிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நாங்களும் செய்தோம். ஒன்பது கொழு உள்ள கலப்பையின் எடை இதற்குப் போதாது. வாலும் நீளம், தொழுவத்துக்குள் திரும்பும்போது கொழு முனை கன்றுக்குட்டியின் பக்கம் வீசிக்கொண்டு போவதைப் பார்த்த அன்றே கழற்றச் சொன்னேன். ரோட்டாவேட்டர் எடையில் பரவாயில்லை, ஆனால் டயரைத் தாண்டி அகன்று நிற்பதால் சுவரில் இடிக்கிறது. திறந்த வயலில் ஒரு மணி நேர வேலைக்குச் சரி. ஆள் நடமாடும் இடத்தில் வேண்டாம்.

கடைசியில் செய்ததுதான் காங்கிரீட் பெட்டி. அத்திப்பள்ளியில் ஒரு வெல்டிங் பட்டறையில் தகட்டுப் பெட்டி அடித்து வாங்கினோம்: 90 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், 50 செ.மீ. ஆழம். காங்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. பெட்டிக்குள் 540 கிலோ அடங்கியது. பெட்டி அடிக்க வசதியில்லாதவர்கள் 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் காங்கிரீட் ஊற்றினால் 480 கிலோ கிடைக்கும். டிராக்டரின் பின்னால் கருவிகளைத் தாங்கும் மூன்று புள்ளி இணைப்பில் பெட்டியை மாட்டும் முளைகளை (pin) மட்டும் பட்டறைக்காரர் கையிலிருப்பதை வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். உங்கள் டிராக்டரில் அந்த இணைப்பின் கீழ்க் கை கேட்டகரி 2 என்ற அளவு வகை என்றால் 28 மி.மீ. முளை, கேட்டகரி 1 என்றால் 22 மி.மீ.

பெட்டியைத் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்காமல் ஓட்ட வேண்டும். கீழ்க் கைகளின் பக்கச் செயின்கள் இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்டி ஆடினால் ஆபத்து. லோடரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதாக இருந்தால் பெட்டியையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. பெட்டியின் எடை ஹைட்ராலிக்கின் தூக்குத் திறனுக்குள்ளும், பின் டயர் தாங்கும் அளவுக்குள்ளும் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு பெட்டி. டயர் தண்ணீரையும் நான் இறக்கவில்லை. எங்கள் டிராக்டருக்கு உழவு வேலை குறைவு, பக்கச் சரிவில் தாழ்ந்த எடை தெம்பு தருகிறது. உழவே பிரதானம் என்றால் தண்ணீர் இல்லாமல் பெட்டியை மட்டும் கொஞ்சம் கனமாகச் செய்துகொள்ளலாம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் பெட்டி. சந்தேகம் இருப்பவர்கள் நிறைந்த பக்கெட்டோடு எடை மேடைக்குப் போய், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடை போட்டுப் பாருங்கள். பக்கெட் தாழ்வாகவே இருக்கட்டும்.

தம்பி இப்போது அந்தச் சரிவில் பாரத்தோடு போகும்போது பின்பக்கமாகவே இறங்குகிறார். பக்கெட் மேட்டைப் பார்த்து முழங்கால் உயரத்தில், பெட்டி பள்ளத்தைப் பார்த்து, முதல் கியருக்கு ஈடான மெதுவான ரிவர்ஸில்.