பிட்காயின் பிளாக்கைச் சரிபார்க்க எந்த லைப்ரரி: பிடிசிடியா, கெர்னலா?

வாடிக்கையாளர் அனுப்பிய பிட்காயின் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன சேவையை எழுதும்போது, பிளாக்குகளை (பரிவர்த்தனைகளின் தொகுப்புகளை) நாங்களே சரிபார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். யாரோ நடத்தும் ஏபிஐ சொல்வதை நம்பிப் பணத்தை விடுவிக்க மனம் வரவில்லை. எங்கள் தேவைக்குத் தேறியவை இரண்டு. ஒன்று, கோ மொழியில் எழுதப்பட்ட பிட்காயின் நோட் மென்பொருளான பிடிசிடியின் பேக்கேஜ்கள் (நோட் என்பது நெட்வொர்க்கில் இணைந்து பிளாக்குகளைச் சரிபார்க்கும் கணினி). மற்றொன்று, பெரும்பாலான நோடுகளில் ஓடும் மென்பொருளான பிட்காயின் கோரின் உள்ளேயிருந்து தனி லைப்ரரியாகப் பிரித்தெடுக்கப்பட்டுவரும் லிப்பிட்காயின்கெர்னல். கடைசியில் கெர்னலைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். படிக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

ரஸ்ட் மொழியின் பிட்காயின் லைப்ரரியான ரஸ்ட்-பிட்காயின் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். பிளாக்கை முழுமையாகச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் ரீட்மீ கோப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. பிட்காயின் கோருடன் தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் இருக்கின்றன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பிறகு, அதை அந்த வேலைக்கு இழுப்பது நியாயமில்லை. முகவரி, பரிவர்த்தனை, நெட்வொர்க் செய்தி ஆகியவற்றைக் கையாள அருமையான லைப்ரரி அது. நாங்களும் அதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

கோரின் நோட் புரோகிராமான பிட்காயின்டியை ஓடவிட்டு, ஆர்பிசி (வெளியிலிருந்து கட்டளை அனுப்பும் முறை) வழியாகக் கேட்டுக்கொள்வது இன்னொரு வழி. பலருக்கு அதுவே போதும். கெட்பிளாக் கட்டளையில் விவர அளவை 3 என்று கொடுத்தால், பரிவர்த்தனையின் ஒவ்வொரு உள்ளீடும் (செலவழிக்கும் பக்கம்) முந்தைய எந்த வெளியீட்டை (பெற்ற பக்கம்) செலவழிக்கிறது, எவ்வளவு தொகை என்பது வரை வந்துவிடும். சரிபார்ப்பு எங்கள் புரோகிராமுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதால்தான் நாங்கள் அதைத் தாண்டி யோசித்தோம்.

உரிமத்தில் சிக்கல் இல்லை, இரண்டுமே தாராளமானவை. முதல் சிங்க்கில் (சங்கிலி முழுவதையும் தொடக்கத்திலிருந்து இறக்கிச் சரிபார்ப்பதில்) கெர்னலுக்குத்தான் வேகம். கையொப்பங்களைப் பார்க்கும் லிப்செக்ப்256கே1 அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் சிங்க் ஒருமுறை நடக்கிற வேலை. அதை வைத்து லைப்ரரியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கையில் எடுத்து வேலை செய்ய இதமானது பிடிசிடிதான், அதில் சந்தேகமே இல்லை. 2013-லிருந்து இருக்கிற கோட். ஒயர், டிஎக்ஸ்ஸ்கிரிப்ட், பிளாக்செயின் என்று பேக்கேஜ்கள் அழகாகப் பிரிந்திருக்கும். கோ பில்ட் அடித்தால் ஒரே பைனரி வந்துவிடும், வேறு மெஷினுக்கும் அப்படியே கம்பைல் செய்துகொள்ளலாம். பிட்காயின் ஸ்கிரிப்ட் (காயினை யார் செலவழிக்கலாம் என்று சொல்லும் சின்ன நிரல்) எப்படி ஓடுகிறது என்று படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் இளையவர்களுக்கு நான் இன்றும் டிஎக்ஸ்ஸ்கிரிப்டைத்தான் காட்டுகிறேன்.

அப்படியிருந்தும் அதை விட்டதற்குக் காரணம் பராமரிப்பு. பிட்காயினுக்கு முழுமையான விதிப்புத்தகம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான நோடுகளில் ஓடும் கோட் எதைச் செல்லும் என்கிறதோ அதுதான் செல்லும், அதிலுள்ள பிழைகளையும் சேர்த்து. பல கையொப்பங்களைச் சரிபார்க்கும் செக்மல்டிசிக் என்ற ஸ்கிரிப்ட் கட்டளை, ஸ்டாக்கிலிருந்து (ஸ்கிரிப்ட் ஓடும்போது மதிப்புகளை வைக்கும் அடுக்கிலிருந்து) தேவைக்கு மேல் ஒரு உறுப்பைக் கூடுதலாக எடுத்துவிடும். அது பிழை என்று எல்லோருக்கும் தெரியும், திருத்த முடியாது. இணையான ஒரு வெளியீட்டை மட்டும் உறுதிசெய்யும் கையொப்ப வகையான சிக்ஹேஷ் சிங்கிளில், உள்ளீட்டுக்கு இணையான வெளியீடு இல்லையென்றால், கையொப்பம் 1 என்ற எண்ணின் மேல் போடப்பட்டதாக ஆகிவிடும். 2016 பிளாக்குக்கு ஒருமுறை பிளாக் உருவாக்கும் கடினத்தைத் திருத்தும் கணக்கு, உண்மையில் 2015 இடைவெளிகளைத்தான் அளக்கிறது. 91842, 91880 ஆகிய இரண்டு பிளாக்குகளில் பழைய காயின்பேஸ் பரிவர்த்தனைகள் (பிளாக்கை உருவாக்கியவருக்குப் புதுக் காயின் தருபவை) மறுபடியும் அப்படியே வந்திருக்கின்றன. அந்த இரண்டுக்கு மட்டும் தனி விலக்கு எழுதியாக வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்த விஷயங்கள், பிடிசிடியும் இவற்றைக் கவனித்திருக்கிறது. ஆபத்து இருப்பது யாருக்கும் தெரியாமல் விதியாகிப்போன விஷயங்களில். 2013 மார்ச்சில் பிட்காயினின் 0.8 பதிப்பும் அதற்கு முந்தைய பதிப்புகளும் இரண்டு சங்கிலிகளாகப் பிரிந்தன. காரணம், பழைய பதிப்பில் இருந்த பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸின் லாக் வரம்பு. 0.8 லெவல்டிபி என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறியிருந்ததால், பழையது விழுங்க முடியாத பெரிய பிளாக்கை அது ஏற்றுக்கொண்டது. டேட்டாபேஸ் அமைப்பில் கிடந்த ஒரு எண், எவரும் அறியாமல் ஒருமித்த விதியாக இருந்திருக்கிறது. ஒரே குழு எழுதிய இரண்டு பதிப்புகளுக்கே இந்த நிலைமை. வேறொரு மொழியில் முதலிலிருந்து எழுதுகிறவர்கள் எத்தனை இடங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022-இல் பிடிசிடிக்கு அப்படியொன்று நடந்தே விட்டது. அக்டோபர் 9-ஆம் தேதி, 999 சாவிகளில் 998 கையொப்பமிட்ட ஒரு டேப்ஸ்கிரிப்ட் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறியது. டேப்ரூட் என்ற விதி மேம்பாடு வந்தபோது, அதன் புது வகை ஸ்கிரிப்டான டேப்ஸ்கிரிப்டுக்கு 10,000 பைட் வரம்பு நீங்கியிருந்தது. பிடிசிடியின் ஒயர் பேக்கேஜிலோ, விட்னஸின் (கையொப்பம், ஸ்கிரிப்ட் போன்ற சான்றுகள் இருக்கும் பகுதியின்) ஒரு உறுப்பு 11,000 பைட்டுக்கு மேல் போகாது என்ற பழைய வரம்பு அப்படியே இருந்தது. அந்தப் பிளாக்கைப் படிக்கவே முடியாமல் பிடிசிடி நோடுகள் நின்றுவிட்டன. சரிசெய்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி இன்னொரு பரிவர்த்தனை, இந்த முறை விட்னஸ் உறுப்புகளின் எண்ணிக்கை 500,000 என்ற வரம்பைத் தாண்டியது. மறுபடியும் நின்றன.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, பிழை எந்த இடத்தில் இருந்தது என்பதை. ஸ்கிரிப்டை ஓட்டும் பகுதியில் இல்லை. பைட்டுகளைப் பிரித்து வாசிக்கும் பகுதியில் இருந்தது. லைட்னிங் (பிட்காயின் மேல் வேகமாகப் பணம் அனுப்பும் நெட்வொர்க்) மென்பொருளான எல்என்டி அந்த ஒயர் பேக்கேஜைப் பயன்படுத்துவதால், பின்னால் பிட்காயின் கோரையே வைத்திருந்தவர்களுக்கும் அது நின்றுபோனது. பின்னணியில் இருந்த கோர் நோட் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அது கொடுத்த பிளாக்கை வாங்கிப் படிக்கிற கை தடுமாறியது. சரிபார்ப்பு ஒரு இடத்தில், வாசிப்பு இன்னொரு இடத்தில் என்று பிரித்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் 2024-இல் பிடிசிடியின் இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியிடப்பட்டன. பரிவர்த்தனையின் பதிப்பு எண்ணைக் குறியற்றதாக (கழித்தல் குறி ஏற்காத எண்ணாக) எடுப்பதற்குப் பதில் குறியுள்ளதாக எடுத்தது ஒன்று, 0.24.0-இல் சரியானது. பழைய வகை ஸ்கிரிப்டில் கையொப்பத்துக்கு அப்படியே சமமான துண்டுகளை மட்டும் நீக்க வேண்டிய இடத்தில், கையொப்பத்தை உள்ளடக்கிய துண்டுகளையும் நீக்கியது இன்னொன்று, 0.24.2-இல் சரியானது. அதை எழுதியவர்கள் திறமைசாலிகள், குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்து வருஷத்துக்கும் மேலாகப் பலர் கண்ணில் பட்ட கோடிலேயே இப்படி மிச்சம் இருக்கிறதென்றால், அந்தப் பாதையில் போகிற ஒரு சின்ன குழு ஒவ்வொரு அறிவிப்பையும் உடனுக்குடன் பார்த்து அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். எங்களிடம் அதற்கு ஆள் இல்லை.

கெர்னலில் இந்தச் சுமை இடம் மாறுகிறது. கோர் எந்தக் கோடை ஓட்டுகிறதோ அதே கோடைத்தான் நாமும் ஓட்டுகிறோம். முன்பு லிப்பிட்காயின்கன்சென்சஸ் என்று ஒன்று 2015 முதல் இருந்தது, ஆனால் அது ஸ்கிரிப்டை மட்டும்தான் பார்த்தது. 2024-இல் 28-ஆம் பதிப்போடு நீக்கிவிட்டார்கள். கெர்னல் முழுப் பிளாக்கையும் பார்க்கிறது, செலவாகாத வெளியீடுகளின் பட்டியலையும் தானே வைத்துக்கொள்கிறது.

எங்கள் சேவை பிளாக்கைச் சகநோடுகளிடமிருந்து வாங்குகிறது. வந்த பைட்டுகளைத் திறந்து பார்க்காமல் அப்படியே கெர்னலிடம் கொடுக்கிறது. பிளாக் செல்லுமா, செல்லாதென்றால் என்ன காரணம் என்று கால்பேக்கில் (கெர்னல் திருப்பி அழைக்கும் எங்கள் ஃபங்ஷனில்) பதில் வரும். அதன் பிறகுதான் பரிவர்த்தனைகளை வாசிக்கிறோம், அதுவும் கெர்னலின் ஃபங்ஷன்கள் வழியாகவே. பிளாக்கோடு சேர்த்து அண்டூ தரவையும் கேட்டு வாங்கலாம். ஒரு உள்ளீடு எந்த வெளியீட்டைச் செலவழித்தது, அதன் தொகை, ஸ்கிரிப்ட் எல்லாம் அதிலேயே இருக்கும். முகவரி வாரியாகக் கணக்கு வைக்கிற எங்களுக்கு, தனியாகப் பரிவர்த்தனை இண்டெக்ஸ் கட்டும் வேலை இதனால் மிச்சமானது.

எல்லோரும் ஒரே கோடை ஓட்டினால் ஒரே பிழை எல்லோரையும் தாக்காதா என்பது நியாயமான கேள்வி. 2018 செப்டம்பரில் கோரிலேயே, ஒரே உள்ளீட்டை இருமுறை செலவழித்துப் புதுக் காயினை உண்டாக்க வழிவிடும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது, 0.16.3-இல் அவசரமாகத் திருத்தினார்கள். நெட்வொர்க் முழுவதுக்கும் வேறு வேறு மென்பொருள் இருப்பது நல்லது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் வாங்குகிற ஒரு சேவையாகப் பார்த்தால், மற்றவர்கள் எல்லோரும் இருக்கும் சங்கிலியிலிருந்து நான் மட்டும் பிரிந்து நிற்பதுதான் பெரிய நஷ்டம். எத்தீரியம் போல விதிகளை எழுதிவைத்து, பல மென்பொருள்கள் ஒன்றாக வளர்ந்த இடத்தில் என் பதில் வேறாக இருக்கும்.

கெர்னலின் கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். அதன் சி மொழி இடைமுகம் கோரின் முதன்மைக் கோடில் சேர்ந்ததே 2025-இன் கடைசியில்தான். சோதனை நிலையில்தான் வைத்திருக்கிறார்கள், ஃபங்ஷன் பெயர்கள்கூட மாறலாம். கம்பைல் செய்ய சி++20, சிமேக், பூஸ்ட் எல்லாம் வேண்டும். கோ பில்டின் சுகம் கிடைக்காது. நெட்வொர்க் பகுதி கிடையாது, பிளாக்கை நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லெவல்டிபியை ஒரு நேரத்தில் ஒரு புராசஸ்தான் திறக்கும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் பிட்காயின்டியின் டேட்டா ஃபோல்டரை அது பகிர்ந்துகொள்ளவும் முடியாது. டிஸ்க்கில் தனி இடம் ஒதுக்கியாக வேண்டும். கோ, பைதான் ராப்பர்களும் (அந்த மொழிகளிலிருந்து கெர்னலை அழைக்க உதவுபவை) இருக்கின்றன. நாங்கள் ஓட்டியது ரஸ்ட் ராப்பரை மட்டும், அதனால் மற்றவற்றைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். மெமரி குறைந்த சின்ன போர்டுகளில் நாங்கள் ஓட்டவும் இல்லை.

சரி, பிடிசிடி யாருக்கு? பிளாக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு வேறு எங்கோ இருந்து, பரிவர்த்தனை கட்டுவது, கையொப்பமிடுவது, சோதனை நெட்வொர்க்கில் விளையாடிப் பார்ப்பது மட்டும் வேலை என்றால், கோ தெரிந்தவர்கள் யோசிக்காமல் அதை எடுக்கலாம். அந்த ஆளுக்குக் கெர்னல் வீண் சுமை.

கெர்னலை எடுக்கிறவர்கள் ஒரு குறிப்பிட்ட கமிட்டில் (அதன் கோடின் ஒரு குறித்த நிலையில்) பூட்டிவைத்து, அதைத் தொடும் கோட் முழுவதையும் ஒரே மாட்யூலுக்குள் அடக்கிவிடுங்கள். அப்டேட் செய்யும்போது டேட்டா ஃபோல்டரின் ஒரு நகலில் ஓட்டி, சங்கிலியின் நுனி ஹேஷ் (கடைசிப் பிளாக்கின் அடையாள எண்) ஒரு சாதாரண கோர் நோடுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.